எத்தனை தலை என்று கேளுங்கள்!

‘இரவு தங்கும் இசை விழாவுக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கத்தில் பாரிட் புந்தார் தாய் ஒருவர் பேசியது:

நான் பாரிட் புந்தாரிலிருந்து வருகிறேன். பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவள்.

என் மகளுக்கு 19 வயது. சரவாக்கில் படிக்கிறாள். அங்கே சந்துபோங் மலையடிவாரத்தில் 1998-இல் தொடங்கிய மழைக்காட்டு உலக இசை விழாவைப் பார்க்க, தோழிகளோடு பக்கத்துக் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறேன் என்று போன் செய்தாள். ‘முடியாது’ என்று ஒரே வார்த்தையில் போனை வைத்துவிட்டேன். அப்படிப்பட்ட நான்தான் இன்று ‘அனுப்பலாம்’ என்ற அணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அண்ணன், ‘அமெரிக்காவில் உட்ஸ்டாக் விழாவில் நடந்த கூத்தைப் பாருங்கள்’ என்றார். பார்த்தேன் அண்ணே. படித்தும் பார்த்தேன். அதன் முதல் நாளை மட்டும் சொல்கிறேன்.

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற சிற்றூர். ஒரு பால்பண்ணைக்காரரின் நிலம். வேறோர் ஊரில் நடக்க வேண்டிய விழா. அந்த ஊர் எதிர்த்ததால் கடைசி நேரத்தில் இங்கே மாற்றினார்கள். மேடை கட்டுவதா, வேலி கட்டுவதா? இரண்டுக்கும் நேரமில்லை. மேடையைக் கட்டினார்கள். முன்கூட்டியே விற்ற சீட்டு சுமார் 186,000. வந்தவர்களோ 4 லட்சத்துக்கும் மேல்! சாலை அடைத்துக்கொண்டது. காரை வழியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். முதலில் பாட வேண்டியவர்கள் வந்து சேராததால் ரிச்சி ஹேவன்ஸ் என்பவரை மேடையேற்றினார்கள். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்தும் அவரை இறங்க விடவில்லை.

அவருக்குப் பிறகு மேடையேறி ஆசி வழங்கியவர் யார் தெரியுமா ஐயா? காவி உடையும் நீண்ட தாடியுமாக ஒரு தமிழர்! கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. சாலை அடைத்திருந்ததால் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருடைய குரு சிவானந்தர், பத்தமடைக்காரர். 1913-இல் மலாயாவுக்கு வந்து, செரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் டாக்டராக இருந்தவர். நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த கைதான் பிறகு ரிஷிகேசத்தில் இவருக்குச் சந்நியாசமும் கொடுத்தது. (கைத்தட்டல்)

விழா நன்றாக நடப்பது ஏற்பாட்டாளர் சிலர் கையில் இல்லை, உங்கள் கையில்தான் இருக்கிறது என்று சுவாமி அந்தப் பிள்ளைகளிடம் சொன்னார். பாதி சரி. அன்று இரவு பண்டிட் ரவிசங்கர் சிதார் வாசிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரே சேறு. சாப்பாடு தட்டுப்பட்டது. சுற்றுவட்டார ஜனங்கள் ரொட்டியும் முட்டையும் அனுப்பினார்கள். ஹாக் ஃபார்ம் என்ற குழுவினர் மூட்டை மூட்டையாகத் தானியம் வாங்கிச் சமைத்து இலவசமாகக் கொடுத்தார்கள். நம் பினாங்கு தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இது பிள்ளைகள் கையில் இருந்த பாதி.

மற்றப் பாதி? அத்தனை பேருக்கும் கழிவறை சுமார் 600. மறுநாள் காலை, தூக்கப் பைக்குள் படுத்திருந்த 17 வயதுப் பையன் மீது டிராக்டர் ஏறிவிட்டது. போதைமருந்தாலும் ஒரு சாவு. அண்ணன் சொன்னதை நான் மறுக்கவில்லை. ரவிசங்கரே அந்த விழாவை நினைத்துப் பின்னாளில் மனம் கசந்து பேசியிருக்கிறார். ஆனால் அந்த டிராக்டர் பையன் என்ன தப்பு செய்தான் ஐயா? தூங்கினான். அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் வந்து தங்கும். நாதஸ்வரம், விடிய விடிய நாடகம். பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்துப் படுப்போம். முதல் நாள் காலையில் பாட்டி கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை தலை?’ அதைக் கேட்டுத்தான் அரிசி அளப்பார், தண்ணீர்ப் பீப்பாய் நிரப்பச் சொல்வார். லாரி வரும் பாதையில் யாரும் படுத்துவிடாதபடி தாத்தா கயிறு கட்டுவார். நாமும் இரவு தங்கித்தானே பாட்டுக் கேட்டோம்? பிள்ளைகள் ‘ஃபெஸ்டிவல்’ என்று சொன்னால் மட்டும் பதறுகிறோம்.

மகளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

“எத்தனை பேர்?”

“நாலு பேர்மா.”

“தண்ணியும் கழிவறையும்?”

“பக்கத்திலேயே.”

“வண்டி போகிற பாதை எந்தப் பக்கம்?”

பதில் வரவில்லை. “பார்த்துட்டுச் சொல்றேன்மா” என்றாள்.

போன சனிக்கிழமை நேரில் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். கூடாரம் போடும் இடத்துக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு தென்னை மரம். அன்று மாலையே டிக்கெட்டுக்குப் பணம் போட்டுவிட்டேன் ஐயா.