விளையாட்டும் கதையும்



சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஒரு வழக்கை என்முன் கொண்டுவந்தான். ஏழாம் வகுப்பில் படிப்பவன். 'போக்கிமான்' என்னும் ஜப்பானிய வீடியோ விளையாட்டை ஆடி முடித்தபின், அதனைத் தழுவி எடுக்கப்பட்ட அனிமே தொடரைப் பார்த்திருக்கிறான். "தாத்தா, இதை எடுத்தவர்களுக்கு விளையாட்டின் விதியே தெரியவில்லை" என்பது அவனது குற்றச்சாட்டு. பல்லாண்டு விடைத்தாள் திருத்திய கை. உடனே மதிப்பெண்ணைக் குறைத்துவிட ஆசைதான். எனினும் இரண்டையும் அவனுடன் அமர்ந்து பார்த்த பின்பே தீர்ப்புரைப்பது என்று முடிவு செய்தேன்.

அவ்விளையாட்டு 1996 பிப்ரவரியில், கேம் பாய் என்னும் கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்தது. இளமையில் பூச்சி பிடித்துத் திரிந்த சட்டோஷி தஜிரி என்பவர் அதனைப் படைத்தார். சிறுவன் ஒருவன் ஊரைவிட்டுப் புறப்பட்டு, விந்தைப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி, பிறர் பிராணிகளோடு பொருதச் செய்து, முதல்வனாக வேண்டும். அச்சிறுவன் வாய் திறந்து பேசுவதே இல்லை. அவனுக்குப் பெயரிடுபவரும் ஆடுபவரே. அவன் வேறு, ஆடுபவர் வேறு அல்லர் அன்றோ?

1997 ஏப்ரலில் தொடங்கிய தொடரில் இது செல்லுமா? பேசாத தலைவனை வாரந்தோறும் யார் பார்ப்பார்கள்? ஆகவே அவனுக்குப் படைத்தவரின் பெயரையே சூட்டிச் சட்டோஷி என்றனர், ஆங்கிலத்தில் ஆஷ். விளையாட்டில் மூன்று பிராணிகளுள் ஒன்றைத் தேர்ந்து புறப்படலாம். தொடரிலோ அவன் நெடுநேரம் உறங்கிவிடுகிறான், மூன்றும் போய்விடுகின்றன. எஞ்சியது சொற்கேளாத பிகாச்சு. விளையாட்டில் அது காட்டில் அரிதாகத் தென்படும் பிராணிகளுள் ஒன்று, அவ்வளவே.

இனிப் பேரனின் வழக்குக்கு வருவோம். ஓனிக்ஸ் என்னும் பாறைப் பாம்பு நில இனத்தையும் சேர்ந்தது. விளையாட்டின் விதிப்படி மின்சாரம் அதனை அணுவளவும் தீண்டாது. தொடரிலோ, பிகாச்சுவின் மின்னலால் தீப்பற்றுகிறது. தீயணைக்கும் நீர் கூரையிலிருந்து பொழிகிறது. நனைந்த ஓனிக்ஸ் மின்சாரத்தால் துவள்கிறது. விதி மீறல்தான்; மறுக்க இயலாது. ஆனால் அடுத்து நிகழ்வதைக் கவனியுங்கள். வெற்றி கைக்கெட்டிய வேளையில், எதிராளியின் தம்பி தங்கையர் ஓடிவந்து அச்சிறுவனைப் பற்றிக்கொள்கின்றனர். தற்செயலாய்ப் பெய்த நீரால் வந்த வெற்றி தனக்கு வேண்டா என்று அவன் போட்டியை விட்டு விலகுகிறான். வெல்லும் போரைத் தானே நிறுத்த விளையாட்டில் இடமேது? அக்காட்சியில் பேரனும் சிறிது நேரம் பேசாதிருந்தான்.

தோல்வியும் அவ்வாறே. விளையாட்டில் தோற்றால் கைப்பணத்தில் பாதி போகும். மருத்துவ நிலையத்தில் விழித்து மறுபடி முயலலாம். எதிராளி அங்கேயே காத்திருப்பான். தொடரிலோ, முதற்பெரும் போட்டியில், சாரிசார்டு என்னும் அவனுடைய சொந்தப் பிராணியே பொருத மறுத்துப் படுத்துவிடுகிறது; அவன் தோற்கிறான். அப்போட்டி அவனுக்காகத் திரும்பி வருவதில்லை. தானே பிடித்து வளர்த்த பிராணி ஆணையை மீறுவது அம்முதல் விளையாட்டில் இல்லை.

நான் தொடரின் பக்கமே சாய்ந்துவிட்டதாக எண்ண வேண்டா. சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வந்த அவ்விளையாட்டில், சில பிராணிகள் ஒன்றில் மட்டுமே கிடைக்கும். அனைத்தையும் சேர்க்க விரும்பும் பிள்ளை, மற்றப் பதிப்பை உடைய நண்பனைத் தேடிச் சென்று, இரு கருவிகளையும் கம்பியால் இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். தொடரைத் தனியே படுத்துக்கொண்டும் பார்க்கலாம்! என் மதிப்பீட்டில் இவ்வொரு கூறில் மூலமே உயர்ந்தது.

மற்றொரு விந்தை. 1998-இல் வந்த மஞ்சள் பதிப்பில், விளையாட்டே தொடரைப் பின்பற்றிற்று. பிகாச்சு கூண்டுப் பந்துக்குள் புகாமல், தலைவன் பின்னே நடந்தே வருகிறது. அதன் குரலும் தொடரில் பேசிய இகுவே ஒட்டானி அம்மையாருடையதே.

ஊக்கமுள்ள பிள்ளை ஒரு விடுமுறைக்குள் முதல்வனாகிவிடலாம். தொடரின் சிறுவன் உலக முதல்வனானது 2022 நவம்பரில். இருபத்தைந்து ஆண்டுகள், வயது மட்டும் பத்தாகவே நின்றது! "இதுவும் விதி மீறல்தானே, தாத்தா?" என்று பேரன் கேட்டான். அவ்வழக்கை அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.