எது ஓஆர்எஸ், எது ஜூஸ்?

சாப்பிட்டுக்கிட்டே கேக்கறவங்க இதைக் கொஞ்சம் நிறுத்திட்டு அப்புறமா வாங்க. ஏன்னா இன்னைக்குப் பேசப் போறது குழந்தைங்களுக்கு வர்ற வயித்துப்போக்கு பத்தி.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கறவங்களுக்கு இந்த மெசேஜ் பழக்கமாத்தான் இருக்கும். "பாப்பாவுக்குக் காலையில இருந்து அஞ்சு தடவை போயிடுச்சு, என்ன குடுக்கலாம்?" உடனே பதில் வரும். இளநீர், ஆப்பிள் ஜூஸ், குளுக்கோஸ் பவுடர். யாராவது ஒருத்தர், "டெட்ரா பேக்ல ஆரஞ்சு ஃப்ளேவர் ஓஆர்எஸ் வாங்குங்க, அதைத்தான் குழந்தைங்க குடிக்கும்"னு போடுவாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. ஆனா அந்தக் கடைசி பதில்லதான் சிக்கல்.

முதல்ல ஓஆர்எஸ் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். பேதி ஆகும்போது குடல் தண்ணியை உறிஞ்சாம வெளியே தள்ளுது. வெறும் தண்ணி குடுத்தா மட்டும் போதாது, இழந்த உப்பு திரும்ப வராது. ஆனா குடல் சுவர்ல ஒரு கதவு இருக்கு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா வந்தா அந்தக் கதவு திறந்து ரெண்டையும் உள்ளே விடும், பின்னாடியே தண்ணியும் போகும். பேதி எவ்வளவு மோசமா இருந்தாலும், காலராவுலகூட, இந்தக் கதவு பெரும்பாலும் பழுதாகறதில்லை. இப்படி ஒரு கதவு இருக்குன்னு ராபர்ட் கிரேன்ங்கிற விஞ்ஞானி 1960-ல சொன்னார்.

இதுல அளவுதான் எல்லாமே. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 1 லிட்டர் தண்ணிக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். இப்போ ஒரு சாதாரண கோலாவை எடுத்துக்கோங்க. லிட்டருக்குச் சர்க்கரை மட்டுமே கிட்டத்தட்ட 100 கிராம். அவ்வளவு சர்க்கரை குடல்ல இறங்கினா, அது உடம்புல இருந்து தண்ணியைக் குடலுக்குள்ள இழுக்கும். அதாவது பேதி கூடும். குழந்தை ஆசையா குடிக்குதேன்னு நாம சந்தோஷப்படுவோம், உள்ளே நடக்கறது நேர் எதிர்.

'ஓஆர்எஸ்'னு பெருசா பேர் போட்டு வித்த சில இனிப்பு பானங்களும் இந்த ரகம்தான். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷமா போராடினாங்க. கடைசியில 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல இல்லாத பானங்கள் அந்தப் பேரைப் பயன்படுத்தக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. உத்தரவு வந்தாச்சு, சரி. ஆனா நம்ம பழக்கம் மாற நாளாகும். என் அக்கா பொண்ணுக்காக மெடிக்கல் ஷாப்ல ஓஆர்எஸ் கேட்டேன், கைக்கு வந்தது ஒரு ஆரஞ்சு டெட்ரா பேக். "பவுடர் பாக்கெட் இல்லையா அண்ணா?"ன்னு கேட்டதும் குனிஞ்சு கீழ் ஷெல்ஃப்ல இருந்து எடுத்துக் குடுத்தார். விலையும் கம்மி. ஆரம்ப சுகாதார நிலையத்துல அதுவே இலவசம்.

அந்தப் பவுடருக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு. 1971 வங்கதேசப் போர் சமயம், மேற்கு வங்காளத்துல பன்காவ் அகதி முகாம்ல காலரா. நரம்புல ஏத்தற சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்ல நிரப்பி வெச்சு, நோயாளிகளோட சொந்தக்காரங்க கையாலேயே குடிக்க வெச்சார். முப்பது சதவீதம் வரைக்கும் போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்துச்சு. அம்மா கையால, டம்ளர்ல குடுக்கற மருந்து அது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

இப்போ வீட்டுக்கு வருவோம். பெரிய பாக்கெட், சுமார் 21 கிராம், 1 லிட்டருக்கு. சின்னது, சுமார் 4 கிராம், 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்ல பாதியைக் கண்ணளவுல ஒரு டம்ளர்ல கொட்டறது வேண்டவே வேண்டாம். உப்பு அதிகமானா மூளைக்கே ஆபத்து. 1 லிட்டர் வாட்டர் பாட்டில்ல, கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில மொத்த பாக்கெட்டையும் கரைங்க. கரைச்ச பிறகு சூடு பண்ணாதீங்க, ஜூஸ், பால், சர்க்கரை எதுவும் சேர்க்காதீங்க. 24 மணி நேரம் ஆனா மீதியைக் கொட்டிடுங்க. ராத்திரி ரெண்டு மணி, கடை இல்லைன்னா? 1 லிட்டர் தண்ணிக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. கண்ணீரைவிட உப்பு கரிச்சா அதைக் குடுக்காம, புதுசா கலக்குங்க.

ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும், ரெண்டு வயசுக்குள்ளன்னா 50-லேருந்து 100 மில்லி, அதுக்கு மேலன்னா 100-லேருந்து 200 மில்லி. வாந்தி எடுத்துட்டா பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கூடவே டாக்டர் எழுதற ஜிங்க் மருந்தை, பேதி நின்னாலும் 14 நாள் முடிக்கணும். பேதியை உடனே நிறுத்தற பெரியவங்க மாத்திரை குழந்தைக்கு ஆகாது.

பாட்டிங்க விஷயத்துக்கு வர்றேன். கஞ்சி, மோர், இட்லி, வாழைப்பழம்னு அவங்க சொல்றது சரிதான். "வயித்தைக் காயப் போடு"ன்னா மட்டும் கேக்காதீங்க, குழந்தைக்குச் சாப்பாடு வேணும். "பல்லு முளைக்குது, அதான்"னு விடறதும், தொக்கம் எடுக்கறவங்கள தேடி அலையறதும் ஒரு நாளைத் தின்னுடும். கைக்குழந்தைக்கு அந்த ஒரு நாள் ரொம்பப் பெருசு.

கண்ணு உள்ளே போயிருக்கு, அழுதா கண்ணீர் வரலை, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, மலத்துல ரத்தம், குடிக்க முடியலை, துவண்டு கிடக்கு. இதுல ஒண்ணு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, வண்டி இல்லைன்னா 108. போற வழியிலயும், குழந்தை முழிச்சு விழுங்கற நிலையில இருந்தா, ஓஆர்எஸ் ஸ்பூன் ஸ்பூனா போய்க்கிட்டே இருக்கட்டும்.