வெற்றிலைப் பெட்டியும் உயிரணுவின் எழுத்துப் பிழையும்



கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வெற்றிலைப் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பீடோங், கூலிம் வட்டாரங்களில் லயத்து வாசலில் உட்கார்ந்து பாக்கு இடித்த பாட்டிமார் பலர் சுங்கை பட்டாணித் தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டார்கள். பெட்டியும் கூடவே வந்துவிட்டது.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடமே அதிகம், அதிலும் பெண்களிடம். காரணம் என்ன?

மனித உயிரணு ஒன்றில் ஏறக்குறைய 600 கோடி மரபு எழுத்துகள் இருக்கின்றன. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அத்தனையையும் நகல் எடுக்க வேண்டும். செக்ரோல் எழுதும் கிராணியே பக்கத்துக்கு ஒரு பிழை விடுவார். உயிரணுவோ எழுதும்போதே திருத்தி, எழுதிய பின்னும் சரிபார்த்து, நூறு கோடி எழுத்துக்குச் சுமார் ஒரு பிழையோடு முடித்துவிடுகிறது. இந்தப் பழுதுபார்க்கும் வேலையை விளக்கிய மூவருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்தது வளர்ச்சிக் காரணி. 'பெருகு' என்று உயிரணுவுக்குக் கட்டளை கொண்டுபோகும் புரதம் அது. இதில் ஒன்றை ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கண்டார். 1986இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மனித எச்சிலிலும் அது உண்டு. நாக்கைக் கடித்துக்கொண்டால் சீக்கிரம் ஆறிவிடுகிறதே, அதில் அதற்கும் பங்கு இருக்கிறது.

கட்டளை அளவோடு வந்தால் நன்மைதான். ஆனால் கன்னத்தில் அடக்கிய பாக்கும் சுண்ணாம்பும் சேரும்போது உண்டாகும் பொருள்கள் மரபு இழையைக் காயப்படுத்துகின்றன. சதையும் புண்ணாகிறது. அதை ஆற்றப் 'பெருகு, பெருகு' என்ற கட்டளை ஓயாமல் வருகிறது. வழக்கமாக, அறுந்த இழை ஒட்டப்படும்வரை உயிரணு நகல் எடுப்பதை நிறுத்திவைக்கும். கட்டளை ஓயாதபோது அந்தத் தடை தளர்கிறது. பழுது பார்க்குமுன்பே நகல் எடுக்கப்படுகிறது. பிழை அடுத்த உயிரணுவுக்குப் போய், அதற்கடுத்ததற்கும் போகிறது.

"புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதானே" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்றது. இதில் குற்றவாளி பாக்கு. கல்யாணத் தாம்பூலத் தட்டோடு யாருக்கும் சண்டை இல்லை; நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்குவதுதான் வினை.

இன்னொரு வேடிக்கை. கட்டளையை வாங்கும் அதே ஏற்பி, அறுந்த இழையை ஒட்டவும் கைகொடுக்கிறது. கதிர்வீச்சு கொடுத்தாலும் புற்று உயிரணு தப்பிப்பதற்கு அது ஒரு வழி. அதை அடைக்கும் செட்டுக்சிமாப் மருந்தைக் கதிர்வீச்சோடு தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2006இல் வெளியானது. சராசரி நோயாளியின் ஆயுள் 29 மாதத்திலிருந்து 49 மாதமானது. ஆனாலும் சிஸ்பிளாட்டின் தாங்கக்கூடியவர்களுக்கு மருத்துவர்கள் அதையே முதலில் தருகிறார்கள்.

அந்த நிலைவரை போவானேன்? இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை – இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசாங்கப் பல் மருத்துவமனையில் காட்ட வேண்டும். வலிக்கவில்லையே என்று பாட்டி சொல்வார். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.