காயங்களோடு எழுந்தவர்



கிறிஸ்து உயிர்த்தார் என்று நாங்கள் அறிக்கையிடும்போது எதைச் சொல்கிறோம்? இறந்த ஒருவர் மறுபடி மூச்சுவிட்டார் என்பதோடு அந்தச் செய்தி முடிவதில்லை. பெத்தானியாவில் லாசருவும் கல்லறையை விட்டு வெளியே வந்தார். ஆனாலும் பின்னொரு நாள் அவர் சாகத்தான் வேண்டியிருந்தது. கிறிஸ்துவோ இனிச் சாவதில்லை. சாவுக்கு அவர்மேல் இனி அதிகாரமில்லை, அவரைச் சேர்ந்தவர்கள் மேலும் கடைசி அதிகாரம் அதற்கில்லை என்பதே எங்கள் விசுவாசம். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் தம் பிரசங்கம் முழுவதையும் இந்த ஒன்றின் மேலேயே நிறுத்துகிறார்.

அந்த உயிர்த்த உடலில் என் மனதைக் கட்டிப்போடுவது ஒன்று உண்டு. சாவையே வென்றவருக்கு ஆணித் தழும்பை மாற்றுவது பெரிய காரியமா? அவர் மாற்றவில்லை! துளைபட்ட கைகளோடும் குத்துண்ட விலாவோடுமே சீடர் நடுவில் வந்து நின்றார். மயிலாப்பூர் வரை வந்து உயிர்கொடுத்தார் என்று நம் மரபு சொல்லும் அந்தத் தோமா, தொட்டுப்பார்க்கக் கேட்டதும் அந்தக் காயங்களைத்தான்.

நம் நாட்டுக்கும் ஆறாத காயம் ஒன்று உண்டு: 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், நமக்குப் பக்கத்திலே மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். அங்கெல்லாம் குண்டுகள் வெடித்து 260க்கும் அதிகமானோர் மாண்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் பலர், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தின் மேலேயே இரத்தம் தெறித்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

அந்தக் குடும்பங்களிடம் போய், “ஆண்டவர் உயிர்த்துவிட்டார், இனி அழாதீர்கள், மறந்துவிடுங்கள்” என்று சொல்ல எந்தக் குருவுக்கும் போதகருக்கும் உரிமையில்லை. மன்னிப்பை நாங்கள் போதிக்கிறோம். மன்னிக்க உண்மை மறைய வேண்டியதில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் காக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. அது ஒரு படிதான். ஏவியவர் யார் என்ற கேள்வியை அந்தக் குடும்பங்கள் விடவில்லை. விடவும் கூடாது.

உயிர்ப்பின் முதல் சாட்சி மகதலேனா மரியாளையும் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் கல்லறைக்கு ஓடியவள், உடலைக் காணாமல், எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கேட்டு அழுதாள். இந்தத் திருகோணமலையில் அந்தக் கேள்வி தெரியாத தெரு இருக்கிறதா? 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளார் வீடு சேரவில்லை. 2017இல் வீதியோரம் பந்தல் போட்டு அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரின் கைகளில் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. மரியாளின் அழுகையை ஆண்டவர் அதட்டவில்லை. பெயர் சொல்லி அழைத்தார்; அவளையே முதல் செய்தியாளராக அனுப்பினார். பெண்ணின் சாட்சியத்தைப் பெரிதாக மதிக்காத காலத்தில் நடந்தது அது.

ஆகவே சபையாரிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற உயிர்ப்புத் திருவிழிப்பில் பாஸ்காத் திரியிலிருந்து உங்கள் மெழுகுதிரிகளை ஏற்றும்போது, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்கள் திருநீறு பூசியிருந்தாலும் சரி, முக்காடு இட்டிருந்தாலும் சரி. அவர்கள் பிள்ளைகளின் பெயர்களைப் பீடத்தருகே நின்று, அவசரப்படாமல், ஒவ்வொன்றாக வாசியுங்கள்.