தானே ஓட்டும் கருவியும் நாம் இடும் ஆணையும்

கொச்சித் துறைமுகத்தின் நடுவே கிடக்கும் வெலிங்டன் தீவின் பெரும்பகுதி இயற்கை படைத்த நிலமன்று. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் தலைமையில், கப்பல்கள் உள்ளே வருவதற்காகத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. இத்தீவிலேதான் கடற்படையின் விமானத் தளமும் அமைந்தது. 1999-ஆம் ஆண்டு வரை பயணிகள் விமானங்களும் இங்கிருந்தே புறப்பட்டன. அவ்வாண்டு அவை நெடும்பாசேரிக்குச் சென்றுவிட்டன.

ஆயினும் வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் இளைஞர்களுக்குத் தீவின் ஓடுபாதை இன்றும் திறந்தே இருக்கிறது. என் சகோதரியின் மகன் அத்தகையோருள் ஒருவன். ஒரு நாள் மாலை, திரையிலே ஒரு சிறிய செஸ்னா விமானத்தை இத்தீவிலிருந்து வடக்கு நோக்கி எழுப்பினான். நெடும்பாசேரி வடகிழக்கே இருக்கிறது. சற்று உயர்ந்ததும் ஆட்டோபைலட் என்னும் தானே ஓட்டும் கருவியை முடுக்கினான். விமானமோ இடப்பக்கம் திரும்பி, அரபிக் கடலை நோக்கி விரைந்தது. “மாமா, கருவி கெட்டுவிட்டது!” என்றான். கெட்டது கருவிதானா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் பொருள்.

இக்கருவியின் வரலாறு நூறாண்டுகளுக்கு மேற்பட்டது. 1914-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரிஸ் நகரத்தின் அருகே, லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர் தம் இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்டியபடியே விமானத்தில் பறந்தார். உடன் வந்தவர் இறக்கையின்மீது ஏறி நின்றபோதும் விமானம் சாயவில்லை. சுழலும் சக்கரம் தன் நிலையை விட்டு எளிதில் அசையாது என்னும் உண்மையே அதன் அடிப்படை. கருவி எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனால் அதன் இயல்பு மாறவில்லை. இந்தத் திசையில் போ, இந்த உயரத்தில் நில் என்று நாம் குறித்துக் கொடுத்ததை அது காக்கும். நாம் எங்கே போக நினைக்கிறோம் என்பதை அது அறியாது.

என் மருமகனின் விமானம் கடலுக்குப் போன காரணமும் அதுவே. முதல் நாள் நெடும்பாசேரியில் மேற்கு நோக்கி இறங்கியபோது திசைக் குறியை 270 பாகையில் வைத்தவன், மறுநாள் அதை மாற்றாமலே திசை காக்கும் விசையை அழுத்திவிட்டான். 270 என்பது நேர் மேற்கு. கருவி ஆணையை ஒரு பாகையும் பிசகாமல் நிறைவேற்றியது.

வீட்டில் பழகுவோர் காணும் மற்றக் கோளாறுகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. கருவியை முடுக்கியவுடன் அது தானாகவே விலகிவிடுகிறதா? கைப்பிடியாகிய ஜாய்ஸ்டிக்கைப் பாருங்கள். அது நடுவில் நின்றாலும் சிறு அசைவுகளைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். விமானி கைவைத்துவிட்டார் என்று கருவி ஒதுங்கிவிடும். நடுநிலையைச் சரிபார்த்து, அதைச் சுற்றிச் சிறிது அசைவைக் கணக்கில் எடாதபடி அமைத்துவிட்டால் போதும். புதிய கைப்பிடியை இணைக்கும்பொழுது ஒரே வேலை இரண்டு விசைகளுக்கு ஒதுக்கப்பட்டுவிடுவதும் உண்டு. ஒன்று முடுக்க, மற்றொன்று அணைத்துவிடும்.

வரைபடத்தில் வகுத்த வழியை விமானம் பின்பற்றவில்லையா? கருவி செயற்கைக்கோள் காட்டும் வழியைக் கேட்கிறதா, ரேடியோ நிலையத்தின் குறியைக் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்று விசை உண்டு.

உயரே ஏறும்பொழுது மூக்கு மேலும் மேலும் நிமிர்ந்து, வேகம் குறைந்து, விமானம் தொய்ந்து விழுகிறதா? சிறிய விமானங்களில் பெரும்பாலும் இக்கருவி எஞ்சினின் வலிமையைத் தொடுவதில்லை. ஏறச் சொல்லிவிட்டு எஞ்சினுக்கு வலிமை கூட்டாவிடில், வேகத்தைச் செலவிட்டேனும் அது ஏறப் பார்க்கும். காற்றழுத்தக் குறியையும் மறக்கலாகாது. உண்மை அழுத்தம் 1007 மில்லிபாராக இருக்க, 1013 என்று வைத்துவிட்டால், விமானம் காட்டும் உயரத்தைவிட ஏறத்தாழ 170 அடி தாழ்வாகவே பறக்கும்.

இறங்கும் வழிகாட்டி அலையை விமானம் பிடிக்கவில்லையென்றால், பெரும்பாலும் நாம் அதற்கு மேலே இருக்கிறோம். சரிவான அந்த அலையைக் கீழிருந்து அணுகுவதே முறை.

இவை விளையாட்டில் நேர்ந்தால் மீண்டும் தொடங்கலாம். உண்மை வானத்தில் அந்த வசதி இல்லை. 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், பம்பாயிலிருந்து வந்த ஏர்பஸ் விமானம் ஒன்று பெங்களூர் ஓடுபாதையை அடையுமுன் தரையில் மோதியது. 146 பேரில் 92 பேர் மாண்டனர். எஞ்சின்கள் குறைந்த வலிமையிலேயே இருக்கும் ஓர் இறக்க முறையில் விமானம் இருந்தது. வேகம் குன்றிக்கொண்டே வந்தது. இறங்கும் வேகத்திற்குரிய குமிழைத் திருக எண்ணி, உயரத்திற்குரிய குமிழைத் திருகியிருக்கக்கூடும் என்று விசாரணையில் கருதப்பட்டது. விமானம் எந்த முறையில் இருக்கிறது என்பதைக் காட்டும் எழுத்துக்கள் விமானிகளின் கண்முன்னேயே இருந்தன.

ஆகவே, கோளாறு கண்டவுடன் விசைகளை மாற்றி மாற்றி அழுத்தாதீர்கள். முதலில் கருவியை அணைத்து, விமானத்தைக் கையால் நேர்நிலையில் நிறுத்துங்கள். பிறகு எந்த எண் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதன்பின் கருவியை முடுக்கி, எந்த முறை ஒளிர்கிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கண்டபின் அடுத்ததற்குச் செல்லுங்கள்.

என் மருமகன் இப்பொழுது அவ்வாறே செய்கிறான். கருவியை முடுக்கிய பின்னும் அவன் கண் பலகையை விட்டு அகல்வதில்லை. அவன் நாளை உண்மையிலேயே விமானியாவானோ, ஆகமாட்டானோ, நானறியேன். ஓட்டும் வேலையைக் கருவியிடம் விடலாம், பார்க்கும் வேலையை விடலாகாது என்பதை மட்டும் அவன் வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொண்டான்.