சம்பளச் சீட்டில் 90 ரூபாய்
(வைத்திக்குப்பம் படிப்பு வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



மாசி மகத்துக்கு ஊர் ஊராய்ச் சாமிகள் வந்திறங்கும் இந்தக் கடற்கரையில், வைத்தியச் செலவுக் கணக்கைப் பேச வந்திருக்கிறோம். கணக்கு என்றதும் சிலர் நழுவிவிட்டார்கள், போகட்டும். மூன்று மாதமாக வகுப்பில் நாம் படித்தது இதைத்தான். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கு இது ஏறாது என்றார்கள். ஏறியிருக்கிறது.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ.க்காக அவர் கூலியில் நூற்றுக்கு முக்கால் வீதம் 90 ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் வீதம் 390 ரூபாய் கட்ட வேண்டும். 2019 ஜூலை முதல் இதுவே விகிதம். அந்த 390 ரூபாய் தருமமல்ல. நம் உழைப்பின் விலையில் ஒரு பகுதி. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா ஏறியிருந்தால், நோயில் படுத்த நாளுக்குக் கூலியில் நூற்றுக்கு 70 வீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும்.

ஏறியிருந்தால்! வகுப்புக்கு வரும் நூற்புத் தொழிலாளியான ஒரு தோழியர் தம் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிடித்தம் இருந்தது, இ.எஸ்.ஐ. கணக்கில் பணம் இல்லை. முன்பெல்லாம் மானேஜர் அறைப் பக்கம் போகாதவர், எட்டுப் பேரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்டார். முதலாளி கட்டாவிட்டால் கழகமே உதவியைக் கொடுத்து, அவரிடம் வசூலிக்கலாம் என்று 1948 சட்டம் முதலே இடமுண்டு என்பதையும் சொன்னார். இரண்டு வாரத்தில் பணம் ஏறியது.

ஆனால் ஆலையே போனால்? ஏ.எப்.டி. ஆலை 2020ல் மூடப்பட்டது. வேலையோடு சந்தா நின்றது. சந்தா நின்றால் ஒரு கெடுவுக்குப் பின் அந்த வைத்தியமும் நின்றுவிடும்.

விவசாயக் கூலிக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் இ.எஸ்.ஐ. எட்டுவதில்லை. அவர்களுக்கென்று 2018ல் வந்தது 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் அட்டை. அதைப் படித்துப் பார்த்தோம். கட்டிலில் படுத்தால்தான் காசு. சேருவதற்கு முன் 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் செலவு சேரும். தினம் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் அட்டை உதவாது. பெரிய சிகிச்சைகளுக்கு நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொன்னால் போதாது. எங்கோ காகிதம் பார்ப்பவர் முன் அனுமதி தரவேண்டும். அமெரிக்காவில் 1973ல் சட்டம் போட்டு வளர்த்த ஏற்பாட்டின் சாயல் இது. எந்த டாக்டரிடம் போவது, எந்தச் சிகிச்சைக்குப் பணம் என்பதை அங்கே கம்பெனிதான் தீர்மானிக்கும்.

அட்டையைக் கடலில் வீசச் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு அது வேண்டும். அட்டை இருக்கிறதே என்று, சர்க்கார் மருந்தகத்தில் மாத்திரை இல்லை என்றதும் பேசாமல் திரும்பி வராதீர்கள். அங்கேதான் சந்தா இல்லாதவனுக்கும் மருந்து கிடைக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆலைத் தோழர்கள் ஆறு மாதச் சம்பளச் சீட்டோடு வாருங்கள். மற்றவர்கள் இந்த மாதம் மருந்துக் கடையில் கொடுத்த பணத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாருங்கள். எழுத வராதவர்களுக்கு நாம் எழுதித் தருவோம். இரண்டையும் கூட்டிப் பார்த்து, மனுவில் என்ன கேட்பது என்று அன்றே முடிவு செய்வோம்.