ஏன் என்று கேட்ட பெய்ஜிங் பெண்



யாங் லான் என்ற பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1968-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். தொலைக்காட்சித் தொகுப்பாளராகத் தொடங்கி, சொந்தமாக ஊடக நிறுவனம் கண்டவர்.

1990. அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்து முடிக்கும் மாணவி. சீன மத்தியத் தொலைக்காட்சியிலிருந்து தொகுப்பாளர் தேடி வருகிறார்கள். வெகுளியான, அழகான பெண் வேண்டுமாம்! இந்த மாணவி எழுந்து கேட்கிறார்: திரையில் வருகிற பெண் ஏன் எப்போதும் அழகும் இனிமையுமாக, பக்கத்தில் நிற்பவருக்குத் துணையாக மட்டும் இருக்கவேண்டும்? அவளுக்கென்று ஒரு கருத்து இருக்கக் கூடாதா?

கேட்டுவிட்டு, இவர்கள் மனம் புண்பட்டிருக்குமே என்றுதான் நினைத்தாராம். 2011-இல் எடின்பரோவில் ஒரு மேடையில் அவரே சொன்னது இது. அந்தக் கேள்விதான் அவரை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனது. ஏழு சுற்றுகள். கடைசியில் நின்றவர் அவர்.

நிகழ்ச்சியின் பெயர் 'ஜெங் தா'. அயல்நாட்டுக் காட்சிகளைக் காட்டி வினாக்கள் கேட்பார்கள். வெளியுலகம் பார்த்திராத கோடிக்கணக்கான வீடுகளுக்கு அது ஒரு சன்னல். இருபது கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்கிறார் அவர். அப்படிப்பட்ட இடத்தை 1994-இல் விட்டுவிட்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். தோழிகளே, நான் அவரை நேசிக்கத் தொடங்கிய இடம் இதுதான். இருபத்தாறு வயது, நாடறிந்த முகம், அதை அப்படியே வைத்துவிட்டு வகுப்பறைப் பெஞ்சில் போய் உட்கார்வது!

அடுத்த ஆண்டு தொழில்முனைவர் புரூனோ வூவை மணந்தார். 1996-இல் கையில் முதுகலைப் பட்டம், மடியில் மகன். பிறகு ஹாங்காங்கின் ஃபீனிக்ஸ் தொலைக்காட்சி. 2000-இல் மகள் பிறந்தாள். அதே ஆண்டு கணவரோடு சேர்ந்து 'சன் டிவி'யைத் தொடங்கினார். நம் ஊர் சன் டிவி அல்ல, ஹாங்காங்கில் எழுந்தது. முழுக்க வரலாறும் ஆவணப்படமும் காட்டிய அலைவரிசை.

அது நிலைக்கவில்லை. சீனப் பெருநிலத்தில் அயல் அலைவரிசைகள் வீடுகளுக்குள் தாராளமாக நுழைய அரசு விடுவதில்லை. பார்வையாளர் எண்ணிக்கை இல்லாமல் விளம்பரம் எங்கிருந்து வரும்? நட்டம் ஏறியது. 2003-இல் பெரும்பங்கை விற்றார். நல்ல நோக்கம் இருந்தும் தோற்ற முயற்சி அது. அந்தத் தோல்விக்காக நான் அவரைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். நுகர்வு வெறி ஏறிக்கொண்டிருந்த காலத்தில் வரலாற்றைக் காசாக்க முடியும் என்று நம்பிப் பணத்தைப் போட்டவர் அவர்.

அலைவரிசை கைவிட்டுப் போனாலும் 2001-இல் தொடங்கிய நேர்காணல் நிகழ்ச்சி போகவில்லை. அமெரிக்க அரசியல் தலைவர்கள் கிளின்டன், கிஸ்ஸிங்கர், கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் எனப் பலரும் அவர் எதிரே உட்கார்ந்தார்கள். 2005-இல் நகரத்துப் பெண்களுக்காக ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்: வேலை, திருமணம், பிள்ளை, பெற்றோர் என்று அவர்கள் சுமப்பதையெல்லாம் வெளிப்படையாகப் பேசும் களம். அறப்பணிக்கு ஓர் அறக்கட்டளையும் அதே ஆண்டில் அமைத்தார்.

2017-இல் செயற்கை நுண்ணறிவு பற்றி ஓர் ஆவணத்தொடர். நாற்பத்தொன்பது வயதில் ஆய்வகம் ஆய்வகமாக ஏறி இறங்கி, விஞ்ஞானிகள் முன் உட்கார்ந்து, மாணவியைப் போல் கேட்டுக்கொண்டிருந்தார்: இந்த இயந்திரம் எப்படிக் கற்கிறது?